சேனல் நூற்றிருபது

சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்:
"அன்று இரவு நான் போய்க் கதவைத்—"
அதோடு நின்றது. திரை நடுவே ஒரு வட்டம்.
திறந்தாரா? தட்டினாரா? தாழிட்டாரா?
தாலின் நீதிமன்ற ஒலிப்பதிவுகளை
வீட்டிலிருந்து தட்டச்சு செய்கிறவள் நான்.
இருமலுக்குக்கூட என் வேலையில் அடைப்புக்குறி உண்டு,
ஊகத்துக்கு இடமில்லை.

லாஸ்னமாயே. கான்கிரீட் பலகைகளை அடுக்கிய ஒன்பது மாடி.
போனில் தேடினால் முப்பத்தொரு வைஃபை.
'ஸினோவி-வீடு', 'கடவுச்சொல் கேட்காதே',
'மூன்றாம் மாடிப் பூனை',
பெயரை மறைத்துக்கொண்ட நாலு பேர்.
மறைத்தவர்களும் அதே காற்றில்தான் பேசுகிறார்கள்.
அழைப்புமணியில் பெயரைக் கிழித்துவிட்டால்
வீடு காணாமல் போகுமா என்ன?

நள்ளிரவில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்தேன்.
மேம்பட்ட அமைப்புகள்.
புரியாமல் தொடாதீர்கள் என்று சிவப்பில் ஒரு வரி.
அந்த வரிக்கு ஐந்து வருடம் கீழ்ப்படிந்தாயிற்று.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன்:
பரப்பும் திறன், நூறு சதவீதம்.
சமையலறையில் போனுக்குக் கோடுகள் நிறைந்தன,
ஒரு பக்கமும் திறக்கவில்லை.
கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.
ரூட்டர் கத்துவது போனுக்குக் கேட்கிறது,
போன் முணுமுணுப்பது ரூட்டருக்கு எட்டவில்லை.
(உர்மாஸுடன் பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு
இது இவ்வளவு தாமதமாகவா புரிய வேண்டும்.)

அலை அகலம், எண்பது.
குறுகிய நடைபாதையில் இரு கையிலும் பெட்டியோடு
நடுவில் நடக்கிற ஆள்.
இருபதாக்கினேன்.

ஆர்டிஎஸ் வரம்பு, 2347.
'அனுப்பட்டுமா' என்று கேட்டுவிட்டு அனுப்பு,
ஆனால் அந்த நீளத்தைத் தாண்டினால் மட்டும்.
எதுவும் அவ்வளவு நீளம் போவதில்லை.
ஆகவே யாரும் எப்போதும்
கேட்பதில்லை.

கடைசியில் ஆளே இல்லாத ஓர் இடம் கண்டேன்:
சேனல் நூற்றிருபது.
அழுத்தினேன். விளக்கு அணைந்தது.
பத்து நிமிடம் காத்திருக்கவும், என்றது.
மழையைத் தேடும் ரேடார்கள்
இதே அலைவரிசையில் வானத்தைத் தடவுகின்றனவாம்.
அவற்றின் குரல் கேட்கிறதா என்று
பத்து நிமிடம் காதைத் தீட்டி வைத்திருந்துவிட்டுத்தான்
இது வாய் திறக்கலாம். சட்டம்.
நாற்பது யூரோ பிளாஸ்டிக் பெட்டிக்கு
இத்தனை மரியாதை.

பத்து நிமிடம்.
ஃபிரிட்ஜ் ஒருமுறை உடம்பை உலுக்கி நின்றது.
மேலே ஸினோவி எழுந்து தண்ணீர் பிடித்தார்,
குழாய் அதைச் சுவர் வழியே கொண்டுவந்து
என் மேசையருகே சொல்லிவிட்டுப் போனது.
அவருக்கும் தூக்கமில்லை.
எட்டு வருடத்தில் இன்றைக்குத்தான் தெரியும்.

விளக்கு எரிந்தது. வட்டம் நின்றது.
"—தட்டவில்லை. ஒரு தடவைகூட."
அப்படியே தட்டச்சு செய்தேன்.
பிறகு வந்த மூச்சையும், அடைப்புக்குறிக்குள்.

காலையில் ஸினோவியின் கதவைத் தட்டியிருக்கலாம்.
லிஃப்டில் காகிதம் ஒட்டினேன்,
எஸ்தோனியனில் ஒன்று, ரஷ்யனில் ஒன்று:
ஆறாம் சேனலில் பத்தொன்பது பேர் நெருக்குகிறோம்.
ஒன்றும் பதினொன்றும் கிட்டத்தட்ட காலி.
சத்தத்தையும் எல்லோரும் சற்றுக் குறைத்தால் நல்லது,
நான் பாதியாக்கிவிட்டேன்.

அடுத்த வாரம் பார்த்தால்
மூன்று பேர் பதினொன்றுக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள்.
ஒருவர் பெயரையும் மாற்றியிருந்தார்:
'இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது'.
சிரித்துக்கொண்டே
திறனை இன்னும் ஒரு படி இறக்கினேன்.

ஒருநாள் பிற்பகல் இணைப்பு சட்டென்று விட்டுப்போனது.
ரேடார் கண்டறியப்பட்டது,
சேனல் முப்பத்தாறுக்கு மாறுகிறேன், என்றது பதிவேடு.
ஓடிப்போய் பால்கனியிலிருந்து துணியை எல்லாம் அள்ளினேன்.

மழை வரவில்லை.
பாதி ஈரத்தோடு சோபாவில் கிடந்தது போர்வை,
மீண்டும் கொண்டுபோய்ப் போடவா என்று
நெடுநேரம் யோசித்தேன்.